அமெரிக்காவிடம் ஒரு ‘வேண்டாம்’ வாங்கப் போனேன்

அமெரிக்கா என்னை வேண்டாம் என்று சொன்ன அந்தச் சனிக்கிழமையைப் போல நிம்மதியான நாள் எனக்கு அதிகம் வாய்த்ததில்லை. வாயால் சொன்னதோடு விடாமல் எழுதியும் கொடுத்தார்கள். அந்தத் தாளைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, பனிப்புகை சூழ்ந்த பாலத்தில் நடந்து திரும்பியபோது ஒரு விசில் அடிக்கலாம் என்று தோன்றியது. உதடு ஒத்துழைக்கவில்லை.

கனடாவுக்குப் படிக்கப் போனவனுக்கு அமெரிக்காவின் வாசலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அதைச் சொல்லக் கோவளத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எங்கள் குடும்பத்துக்கு ஐஸ்தான் சோறு. கடலுக்குப் போகிற படகுகளுக்கு ஐஸ் உடைத்துப் போடுவோம். அம்மாவின் தம்பி காதர் மாமா தொழிலை நடத்தினார். நான் ஐஸ் அறை வாசலில் நின்று போவோர் வருவோருக்கு இடைஞ்சலாக இருந்தேன். அறையின் கம்ப்ரஸர் நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும். கேளம்பாக்கத்திலிருந்து மெக்கானிக் வந்து சேருவதற்குள் எங்கள் முதலீட்டில் பாதி தண்ணீராகிக் கடலுக்கே போய்விடும். “நம்மாளு ஒருத்தன் இத்தக் கத்துகினா இன்னா?” என்று மாமா ஒரு நாள் கேட்டார். வீட்டில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் திறமைக்காக அல்ல. வேறு எதற்கும் நான் பயன்படவில்லை, அவ்வளவுதான்.

கேளம்பாக்கத்தில் ஒரு மாடி அறையில் கன்சல்டன்ஸி வைத்திருந்தவர், கனடாவில் குளிர்சாதன மெக்கானிக் படிப்பு இருப்பதாகச் சொன்னார். ஒரு வாரம் வகுப்பு, மறுவாரம் ஏதாவது கம்பெனியில் வேலை. அப்படியே மாறி மாறி. “அதனால உங்களுக்கு ரெண்டு பர்மிட் வேணும் தம்பி. படிக்க ஒண்ணு, வேலை பழக ஒண்ணு. அங்க ஏர்போர்ட்ல இறங்கினதும் ரெண்டையும் கையில குடுப்பாங்க. ஒண்ணு இல்லாட்டி இன்னொண்ணு வேஸ்ட்” என்றார்.

எனக்குப் புரிந்தது. மாமாவுக்குப் புரியவில்லை. கோவளம் திரும்பும் பஸ்ஸில் என் காதோடு சொன்னார்: “பேப்பர்ல ஆயிரம் எழுதுவான். நீ வேலைன்னு வாயத் தொறந்தேன்னு வெச்சிக்கோ, வந்த பிளேன்லயே திருப்பி ஏத்திடுவான். படிக்க மட்டும்தான் வந்துகீறேன்னு சொல்லு. வேலை செய்வியான்னு கேட்டா?”

“மாட்டேன்.”

“இன்னும் சத்தமா.”

பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு பெருமையாக ஒருவன் இதைச் சொல்லி அவர் கேட்டிருக்க மாட்டார்.

அன்றிலிருந்து ஊரே எனக்குப் பயிற்சி கொடுத்தது. டீக்கடையில் கிளாஸை நீட்டிவிட்டு, “வேலை செய்வியா?” என்பார்கள். “நோ சார், ஒன்லி ஸ்டடி” என்றால்தான் டீ கைக்கு வரும். கரையில் மீன் ஏலம் விடுகிறவர் நடுவில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்பார். காலையில் நாஸ்தாவுக்கு உட்கார்ந்தால் இடியாப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா நிற்பார். “வேலை செய்வியாப்பா?” “மாட்டேம்மா.” “அப்பச் சாப்புடு.” உலகத்தில் வேறு எந்த வீட்டிலும் இந்தப் பதிலுக்கு இடியாப்பம் கிடைக்காது.

சென்னையில் யாரும் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். ஆகவே நான் பாடம் செய்த பதில், உபயோகிக்கப்படாமல் தொண்டைக்குள் அப்படியே இருந்தது. அதோடுதான் விமானம் ஏறினேன்.

டொரொண்டோவில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இறங்கினோம். ‘இறங்கினோம்’ என்றால் நானும் டில்லிபாபுவும். அவன் படூர்க்காரன், அதே கன்சல்டன்ஸி, அதே படிப்பு. தமிழில் அவன் வாய்க்கு முன்னால் யாரும் நிற்க முடியாது. இங்கிலீஷில் யார் முன்னாலும் அவனால் நிற்க முடியாது. விமானம் முழுக்க எனக்கு அவன்மேல் இரக்கமாக இருந்தது. கவுன்டரில் என்ன செய்வானோ, பாவம்.

எனக்கு வாய்த்த அதிகாரி சின்ன வயதுக்காரர், நல்ல முகம். தாள்களைப் புரட்டிவிட்டு, “இங்கே வேலை செய்வீர்களா?” என்று கேட்டார்.

இவ்வளவு காலம் காத்திருந்த பதில் அணையை உடைத்துக்கொண்டு வந்தது. “நோ சார். நெவர். ஒன்லி ஸ்டடி. ஐ டோன்ட் லைக் ஒர்க்.” கடைசி வாக்கியம் மாமாவின் பாடத்தில் இல்லை. நானாகச் சேர்த்தது. உண்மையும்கூட.

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நிச்சயமாகத்தானா? இதில் வேறு மாதிரி இருக்கிறதே.”

“ஹண்ட்ரட் பர்சென்ட், சார்.”

அவர் என்னவோ தட்டச்சு செய்தார். ஒரு தாளை மட்டும் என்னிடம் கொடுத்து, நன்றாகப் படிக்கும்படி வாழ்த்தினார். வெளியே வந்தால் டில்லிபாபு இரண்டு தாள்களோடு நிற்கிறான்.

“இன்னா மச்சான், உனக்கு ஒண்ணுதான் குடுத்தானா?”

“உன்கிட்ட என்ன கேட்டாங்க?”

“யாருக்குத் தெரியும்? இன்னா கேட்டாலும் எஸ்ஸு எஸ்ஸுன்னு சொல்லிகினே இருந்தேன். சிரிச்சிகினே குடுத்துட்டான்.”

அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. கதவு திறந்ததும் வேறு விதமாக உறைந்தேன். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. மேலே எவரோ எங்கள் ஐஸ் உடைக்கிற மெஷினை ஓடவிட்டு, நிறுத்த மறந்துவிட்டது போல. ஆனால் துளியும் சத்தமில்லை. எனக்கு அதுதான் விசித்திரமாக இருந்தது. இவ்வளவு ஐஸ், கேட்க ஒரு சத்தமும் இல்லை, அதட்ட ஒரு மாமாவும் இல்லை.

எங்களுக்கு இடம் கொடுத்தவர் யாழ்ப்பாணத்துப் புவனா அக்கா. அவருடைய வீட்டு நிலவறையில் ஓர் அறை. ஜன்னல் தரையோடு இருந்ததால் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும்தான் தெரியும். புதன்கிழமை முழுவதும் தூங்குவதும் விழிப்பதுமாக அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஊரில் இந்த நேரத்துக்குப் படகு கரையேறும், இந்த நேரத்துக்கு மாமல்லபுரம் பஸ் ஹாரன் அடிக்கும் என்று உடம்பு வேறொரு கடிகாரத்தில் ஓடியது. கண்ணை மூடினால் முட்டுக்காட்டுத் தண்ணீர், திறந்தால் யாரோ ஒருவரின் பூட்ஸ். நடுவில் அக்கா குழல் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். அது கனவா என்று சந்தேகம் வந்ததால் இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டுச் சரிபார்த்தேன்.

வியாழக்கிழமை கல்லூரிக்குப் போனோம். அலுவலகத்தில் இருந்த பெண்மணி டில்லிபாபுவின் தாள்களைப் பார்த்துத் தலையசைத்தார். என்னுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஏதாவது இருக்குமோ என்று நினைத்தார் போலிருக்கிறது.

“வேலைக்கான பர்மிட் எங்கே?”

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை காலை எல்லோரும் கம்பெனிக்குப் போக வேண்டும், பர்மிட் இல்லாதவனை உள்ளே விடமாட்டார்கள், அந்த இடம் காத்திருப்பவர் ஒருவருக்குப் போய்விடும், வேலைவாரம் இல்லாமல் இந்தப் படிப்பே கிடையாது என்று மென்மையாகச் சொன்னார். தபாலில் விண்ணப்பித்தால் மாதக்கணக்கில் ஆகும். ஆக, திங்கட்கிழமைக்குள் அந்தத் தாள் வந்தால் நான் மாணவன். வராவிட்டால் கனடாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய கோவளத்துப் பிரமுகர்.

அறைக்கு வந்து படுத்துவிட்டேன். பனிக்கட்டி நாட்டுக்குப் போய்க் குளிர் உண்டாக்கக் கற்றுக்கொள்ளப் போகிறான் என்று ஏற்கெனவே ஊரே கேலி செய்திருந்தது. இப்போது அதையும் கற்றுக்கொள்ளாமல் திரும்பினால் ஏலக்கடையில் என்னையே கூறுபோட்டு விற்பார்கள். கேலியாவது போகட்டும். ஐஸ் அறை நின்றுபோன ஒரு மத்தியானம், மாமா பேசாமல் உட்கார்ந்து தண்ணீர் வாசலைத் தாண்டி ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவில் இருந்தது.

சாயங்காலம் புவனா அக்கா இறங்கி வந்தார். “ஏன் தம்பி, முகம் வாடிக் கிடக்குது?”

சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். “உதுக்கே இப்பிடிப் படுத்துக் கிடக்கிறியள்? நயாகராப் பாலத்தால அங்கால போய் இங்கால வாங்கோ. திரும்பி வரேக்க கனடா எல்லைக் கந்தோரில இருக்கிற ஒஃபிசரிட்டக் கேட்டா அங்கேயே பர்மிட் அடிச்சுத் தருவினம்.”

“அங்கால அமெரிக்கா இல்லையா, அக்கா? எனக்கு விசா கிடையாதே.”

“ஓம், விடமாட்டினம். அதுதான் வேணும். ‘இவரை உள்ள விடேல்ல’ எண்டு எழுதித் தருவினம். அதோட திரும்பினா நீங்கள் கனடாவுக்குப் புதுசா வாற ஆள்.”

சென்னையில் அமெரிக்கத் தூதரகத்துக்கு வெளியே விடிகாலையிலிருந்து வரிசையில் நிற்பவர்களை நினைத்தேன். எங்கள் தெருவிலேயே ஒருவர், அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. நான் அந்த ‘வேண்டாம்’ கிடைக்க வேண்டுமே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மாமாவுக்குப் போன் செய்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “வேலைகீலைன்னு எதுவும் உளறலியே?”

“இல்ல மாமா.”

“அதான் என் மருமவன்” என்றார். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம். மேற்கொண்டு ஒன்றும் சொல்ல மனம் வரவில்லை.

சனிக்கிழமை காலையில் புறப்பட்டோம். “நானும் வரேன் மச்சான். அமெரிக்கா கதவையாவது பாத்துட்டு வர்லாம்” என்று டில்லிபாபுவும் தொற்றிக்கொண்டான். அக்கா காட்டிவிட்ட பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், அது அருவிக்குப் பக்கத்தில் இருக்கும் சூதாட்ட விடுதியின் பஸ் என்று தெரிந்தது. அம்மாவின் காதுக்கு இது போகக்கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். பஸ் நிறையச் சீனத்துப் பாட்டிமார்கள். ஆளுக்கொரு பை, பைக்குள் ஆரஞ்சு, வறுத்த விதைகள், ஆவி பறக்கும் பிளாஸ்க். திருநீர்மலைக்கோ மேல்மருவத்தூருக்கோ கும்பலாகப் போகிற வேன் மாதிரியே இருந்தது. பக்தி கொஞ்சம் வேறு திசையில், அவ்வளவுதான்.

பக்கத்துச் சீட்டுப் பாட்டி ஆரஞ்சை உரித்து என் கையில் வைத்தார். சீன மொழியில் என்னவோ கேட்டார். பின்சீட்டுப் பெண் மொழிபெயர்த்தார்: “எந்த மேஜையில் ஆடுவாய் என்று கேட்கிறார்.”

நான் ஆட வரவில்லை, அமெரிக்காவிடம் போய் வேண்டாம் என்று சொல்ல வைத்துத் திரும்ப வருகிறேன் என்றேன். அது சீன மொழிக்குப் போனதும் பஸ்ஸின் பாதிப் பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பாட்டி நெடுநேரம் யோசித்துவிட்டு, என் கையைத் தட்டி ஒரு வாக்கியம் சொன்னார்.

“நன்றாகத் தோற்றுவிட்டு வா என்கிறார்” என்றார் பின்சீட்டுப் பெண்.

எல்லோரும் ஜெயிக்கப் போகிற பஸ்ஸில் தோற்கப் போகிறவன் நான் ஒருவன்தான். அந்த ஆசீர்வாதத்தோடு, ஹீட்டர் சூட்டில் தூங்கிவிட்டோம். விழித்தபோது பஸ்ஸில் யாருமில்லை. பாலத்துக்காக நாங்கள் இறங்க வேண்டிய இடத்தை எப்போதோ தாண்டி, நகரத்துக்கு வெளியே வண்டிகளை நிறுத்துகிற ஒரு மைதானத்தில் நின்றுகொண்டிருந்தோம். டிரைவர் எங்களைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். திரும்பிப் போவதற்கு வழி கேட்டோம். கையை நீட்டி, “சத்தம் வருகிற பக்கம் நடங்கள்” என்றார்.

அதைவிட நல்ல வழி எனக்கு யாரும் சொன்னதில்லை. முதலில் எங்கோ லாரி போவது போல ஒரு முனகல். பிறகு எங்கள் ஊர்க் கடலின் ஐப்பசி மாதத்து இரைச்சல். திருப்பத்தில் திடீரென்று அருவி. பாதி உறைந்து, பாதி விழுந்து, நடுவில் எழுந்த நீர்ப்புகை மரம், கம்பம், கைப்பிடி எல்லாவற்றிலும் படிந்து வெள்ளைக் கண்ணாடியாகியிருந்தது. மரத்தின் ஒவ்வொரு சுள்ளிக்கும் தனித்தனி ஐஸ் உறை. டில்லிபாபு ஒரு சுள்ளியின் உறையை ஒடித்துக் கையில் உருட்டிப் பார்த்தான்.

“இத்தினி ஐஸும் சும்மா கெடக்குது” என்றான் கடைசியில். “உங்க மாமா பாத்தா அழுதுடுவாரு.”

பாலத்தில் நடப்பவர்கள் நாங்கள் இருவர்தான். கீழே ஆறு பச்சையாக ஓடியது. நடுப்பாலத்தில் இரண்டு நாடுகளின் கொடிகளும் விறைத்து நின்றன. முட்டுக்காட்டில் கழிமுகம் கடலோடு கலக்கிற இடத்தில் நின்று, எதுவரை உப்பு, எதிலிருந்து நல்ல தண்ணீர் என்று சின்ன வயதில் விரலை நனைத்து நக்கிப் பார்த்திருக்கிறேன். இங்கே பித்தளைத் தகடு வைத்துச் சொல்லியிருந்தார்கள்.

அமெரிக்கப் பக்கம் கதகதப்பான ஓர் அறை. அகலமான மேஜைக்குப் பின்னால் அதைவிட அகலமான ஓர் அதிகாரி.

“அமெரிக்காவுக்குள் வர வேண்டுமா?”

“வேண்டாம், சார்.”

“பிறகு ஏன் வந்தீர்கள்?”

“நீங்கள் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், சார்.”

“சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள்” என்றார். அவருக்கு இது பழகிய விஷயம் போலிருந்தது. இருவருக்கும் ஆளுக்கொரு தாள். டில்லிபாபு தன்னுடையதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு, “தேங்க் யூ சார், எஸ் சார்” என்றான்.

திரும்பும்போதுதான் மனசு ஒரு மாதிரி ஆயிற்று. அமெரிக்கா வேண்டாம் என்றுவிட்டது. கனடா இன்னும் வா என்று சொல்லவில்லை. கீழே தண்ணீர், சுற்றிலும் புகை. எந்த ஊர்க்காரனும் இல்லாமல் கொஞ்ச தூரம் நடந்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு எடையே இல்லை. தூக்கத்தில் நடப்பது போல, பனி என்னையும் மெதுவாக உடைத்து எங்கோ தூவிக்கொண்டிருப்பது போல.

கனடாப் பக்கத்தில் மேஜைக்குப் பின்னால் நரைத்த முடியோடு ஓர் அம்மையார். என் பாஸ்போர்ட்டைப் பார்த்து, கம்ப்யூட்டரைப் பார்த்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்கப் படித்தார்: “விண்ணப்பதாரர் எந்தச் சூழ்நிலையிலும் வேலை செய்ய மாட்டேன் என்கிறார். வேலை பிடிக்காது என்றும் சொல்கிறார்.”

பின்னால் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள்.

“இப்போது வேலை பர்மிட் கேட்கிறீர்கள். ஒழுங்காகக் கேட்கிறேன். கனடாவில் வேலை செய்வீர்களா?”

பாலம் முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பதில் இதற்குத்தான். ஆனால் கேள்வி காதில் விழுந்ததும் டீக்கடை, ஏலம், இடியாப்பம் எல்லாம் ஒன்றாகத் திரண்டு மேலே வந்தன.

“மாட்டேன், மேடம்” என்றது என் வாய்.

அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார். என் முதுகுக்குப் பின்னாலிருந்து, “எஸ் மேடம், எஸ், எஸ்” என்று ஒரு குரல்.

“இவர் யார்?”

“என் நண்பர், மேடம்.”

“நான் என்ன கேட்டேன் என்று அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது, மேடம்.”

“எஸ்” என்றான் டில்லிபாபு.

அம்மையாரின் வாயோரம் லேசாக அசைந்தது. ஆனால் கை இன்னும் பேனாவைத் தொடவில்லை. “இரண்டு தடவை மாட்டேன் என்றவரிடம் மூன்றாவது தடவை நான் ஏன் கேட்க வேண்டும்?”

அப்போது என் இங்கிலீஷ் எங்கேயோ போய்விட்டது. பாடம் செய்ததெல்லாம் தீர்ந்துபோனதால், பாடம் செய்யாதது வந்தது. வேலை செய்வேன் என்று சொன்னவனை இங்கிருந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் எங்கள் ஊரில் உண்டு, அந்தப் பயத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்றேன். வீட்டில் ஓர் ஐஸ் அறை இருக்கிறது, அது நின்றால் படகுக்காரர்களின் மீன் கெடும், அதைச் சரிசெய்ய எங்களில் யாருக்கும் தெரியாது என்றேன். “எனக்கு வேலை செய்ய வேண்டும், மேடம்” என்று முடித்தேன். சொன்ன பிறகுதான் ஒன்று தெரிந்தது. என் வாழ்க்கையில் எந்த மொழியிலும் நான் இந்த வாக்கியத்தைச் சொன்னதில்லை.

அவர் கல்லூரிக் கடிதத்தை மறுபடி பார்த்தார். “பிப்ரவரி மாதத்தில் கனடாவுக்கு வந்து, குளிர் உண்டாக்கக் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள்.”

“ஆமாம், மேடம்.”

“இங்கே எங்களிடம் போதுமான அளவு இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லையா?”

“ஊரில் எல்லோரும் சொன்னார்கள், மேடம்.”

அவர் நிறைய நேரம் தட்டச்சு செய்தார். பிறகு மேஜைக்கு அடியில் பிரிண்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு தாளை வெளியே தள்ளியது. டில்லிபாபு என் தோளை அழுத்தினான். “பாத்தியா மச்சான், நான் பேசினதாலதான் வேலை நடந்துகீது” என்றான். இன்றுவரை என்னால் அதை மறுக்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை, ஒரு பெரிய மளிகைக் கடையின் கூரைமேல் நின்றேன். கம்பெனி போர்மேன், டில்லிபாபு, நான். கம்ப்ரஸர் வெளியே கூரையில் இருந்தது. காற்று கோட்டைத் துளைத்து, பனியனைத் துளைத்து, உள்ளே வேறு ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று தேடியது. ஸ்பேனரைப் பிடித்த விரல் என்னுடையதா ஸ்பேனருடையதா என்று தெரியவில்லை. போர்மேன் என் நிலைமையைப் பார்த்துவிட்டு, கீழே இருக்கிற குளிர் அறைக்குள் போய் மின்விசிறிகளைத் துடைத்துச் சோதித்து வரச் சொன்னார்.

கனத்த கதவைத் திறந்து உள்ளே போனேன். பால் பெட்டிகள், முட்டைக்கோஸ், எங்கிருந்தோ வந்த மாம்பழங்கள். விசிறிகள் மெல்ல ரீங்கரித்தன. கன்னத்தில் என்னவோ இதமாகப் பட்டது. கதவோரத்து வெப்பமானியைப் பார்த்தேன். பாலும் காய்கறியும் உறைந்துவிடாமல் இருக்க, உறைநிலைக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தியிருந்தார்கள். வெளியே அதற்கு எவ்வளவோ கீழே. இந்த ஊரிலேயே நான் நின்ற இடங்களில் வெதுவெதுப்பான இடம் இதுதான். கையுறையைக் கழற்றினேன். மாம்பழ வாசனையில், மார்கழிக் காலையில் கரைமணலில் நிற்பது போலிருந்தது. குளிர்சாதன அறைக்குள் நின்று குளிர்காய்ந்தேன்.

ஒவ்வொரு விசிறியையும் துடைத்தேன். பிறகு முதலிலிருந்து மறுபடி துடைத்தேன். போர்மேன் கதவைத் தட்டி, “முடிந்துவிட்டதா? வெளியே வா” என்றார்.

“இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது” என்றேன்.